அச்சில் ஒன்று, ரிம்மில் மூன்று

புது டயர் மாட்டி, காற்றடித்து, நட்டை இறுக்கிய பிறகு முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிச் சுழற்றிவிட்டுப் பாருங்கள். ஒழுங்காக மாட்டிய சக்கரம் சாவகாசமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். கைக் கறையைத் துடைத்துவிட்டுத் திரும்பினாலும் சுற்றிக்கொண்டிருக்கும். ஆனால் டயர் மாற்றிய கையோடு பார்க்கும்போது பல வண்டிகளில் கதை வேறாக இருக்கிறது. ‘சர்ர்’ என்று உரசல் சத்தம். மூன்றரை, நாலு சுற்றில் சக்கரம் நின்றுவிடுகிறது. குனிந்து பார்த்தால் ஒரு பக்கத்துப் பிரேக் கட்டை ரிம்மை ஒட்டிக்கொண்டிருக்கிறது. எதிர்ப்பக்கத்தில் இடைவெளி தாராளமாகக் கிடக்கிறது.

உடனே எல்லாருடைய கையும் போவது பிரேக்குக்குத்தான். கேபிளைத் தளர்த்துகிறார்கள், கட்டையைத் தள்ளி வைக்கிறார்கள். சத்தம் போய்விடுகிறது. பிரேக்கின் பிடிப்பும் கூடவே போய்விடுகிறது. லீவரை ஹேண்டில்பார் வரைக்கும் அழுத்தினால்தான் வண்டி நிற்கும் என்ற நிலைமைக்கு அந்த வண்டி வந்து சேர்வது இப்படித்தான்.

கொஞ்சம் நிதானமாக யோசிப்போம். டயர் மாற்றுவதற்கு முன் பிரேக் உரசவில்லை. மாற்றிய பிறகு உரசுகிறது. இடையில் இடம் மாறியது எது? பிரேக் சட்டத்தோடு போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கிறது. அதை யாரும் கழற்றவில்லை. கழற்றி மாட்டப்பட்டது சக்கரம். அப்படியிருக்க, விசாரணை சக்கரத்தில்தானே தொடங்க வேண்டும்?

இதற்கு நம் தெருமுனைச் சைக்கிள் கடையிலேயே சான்று இருக்கிறது. அங்கே பஞ்சர் ஒட்டுகிறவர் பெரும்பாலும் சக்கரத்தைக் கழற்றுவதே இல்லை. வண்டியைச் சாய்த்தோ கவிழ்த்தோ வைத்து, டயரின் ஒரு பக்க விளிம்பை மட்டும் ரிம்மிலிருந்து நெம்பி, டியூபை வெளியே இழுத்து, தண்ணீர்ச் சட்டியில் முக்கி, குமிழி வரும் இடத்தைப் பார்த்து ஒட்டி, திரும்பத் திணித்துவிடுகிறார். அச்சு நட்டை ஸ்பானர் தொடுவதே இல்லை. பஞ்சர் ஒட்டிய பிறகு பிரேக் உரசுகிறது என்ற புகார் அபூர்வம். டயர் மாற்ற வேண்டுமென்றால் சக்கரத்தைக் கழற்றியே ஆக வேண்டும். அந்த வேலைக்குப் பிறகுதான் புகார் வருகிறது. இரண்டு வேலைகளுக்கும் உள்ள முக்கியமான வேறுபாடு அச்சு நட்டைத் தளர்த்தி இறுக்கியதுதான்.

நாலு சுற்றில் நின்றால் என்ன, மிதித்துக்கொண்டே போய்விடலாமே என்று நினைக்கிறவர்களுக்காக ஒரு கணக்கு. ரிம், டியூப், டயர் மூன்றும் சேர்ந்து சுமார் ஒன்றரைக் கிலோ. அந்த எடை முழுவதும் விளிம்பில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கையால் நன்றாகச் சுழற்றினால் விளிம்பு விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தை எட்டும். அப்போது சக்கரத்தில் சேர்ந்திருக்கும் இயக்க ஆற்றல் 19 ஜூலுக்குக் கொஞ்சம் குறைவு. சக்கரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 2.1 மீட்டர். மூன்றரைச் சுற்றில் நின்றது என்றால் விளிம்பு ஓடிய தூரம் ஏறக்குறைய ஏழரை மீட்டர். ஆற்றலைத் தூரத்தால் வகுத்தால் விசை கிடைக்கும்: சுமார் 2.5 நியூட்டன். கால் கிலோ வெல்லத்தைக் கையில் தாங்கும்போது உணர்கிற அதே கனம்தான்.

இதைச் சாலைக்குக் கொண்டுபோவோம். ஆளும் வண்டியும் சேர்ந்து 85 கிலோ, மணிக்கு 18 கிலோமீட்டர் வேகம், சமதளம், எதிர்காற்று இல்லை. சாதாரண டயர் உருளும்போது ஏற்படும் தடை 5 நியூட்டன் அளவில் இருக்கும். நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுகிறவர் மீது காற்று தரும் தடை ஏழு, ஏழரை நியூட்டன். மொத்தம் பன்னிரண்டரை. பிரேக் கட்டையின் 2.5 நியூட்டனும் சேர்ந்தால் 15. ஐந்து கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளை ஆறு கிலோமீட்டருக்கான உழைப்பைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. தினமும், போகவும் வரவும். புது டயர் போட்ட பிறகு வண்டி கனமாக இருக்கிறது என்று அந்தப் பிள்ளை சொன்னால் அதை நம்புங்கள். டயரைக் குறை சொல்வதற்கு முன் சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றிப் பாருங்கள்.

டயருக்கும் பிரேக்குக்கும் இப்படியொரு சிக்கல் எப்படி வந்தது? 1870-களில் ஓடிய உயரமான சைக்கிள்களில் ரப்பர் டயர் கெட்டியாக இருந்தது. காற்று கிடையாது. பிரேக் என்பது மேலேயிருந்து டயரின் மீதே அழுந்தும் ஓர் இரும்புத் தகடு. 1888-இல் பெல்ஃபாஸ்ட் நகரத்தில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப் தன் மகனின் மூன்று சக்கர வண்டிக்காகச் செய்த காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். மெல்லிய தோலும் உள்ளே காற்றும் கொண்ட அந்த டயரின் மீது இரும்பை அழுத்தித் தேய்ப்பது கட்டுப்படியாகாத காரியம். காற்று டயர் பரவப் பரவ, பிரேக் டயரை விட்டு இறங்கி ரிம்முக்கு வந்தது. அன்றிலிருந்து ரிம்முக்கு இரண்டு வேலை: டயரைச் சுமக்க வேண்டும், பிரேக் பிடிக்கவும் இடம் கொடுக்க வேண்டும்.

டன்லப்பின் டயர் ரிம்மோடு பசை போட்டு ஒட்டப்பட்டது. 1889-இல் பிரான்ஸின் கிளெர்மோன் ஃபெராண் நகரில் இருந்த மிஷ்லின் தொழிற்சாலைக்கு ஒருவர் பஞ்சரான சைக்கிளோடு வந்தார். சரிசெய்யச் சில மணி நேரம், பசை உலர ஓர் இரவு. அந்த அவஸ்தையைப் பார்த்த எதுவார் மிஷ்லின் கழற்றி மாட்டக்கூடிய டயரை உருவாக்கினார். 1891-இல் அது சாலைக்கு வந்தது. நாம் டயர் லீவரை எடுத்துக்கொண்டு அரைமணியில் டயர் மாற்ற முடிவது அதனால்தான். பிரேக் பிடிக்கும் பரப்பை அடிக்கடி கழற்றி மாட்ட வேண்டியிருப்பதும் அதனால்தான்.

நம் ஊர்ப் பழைய கறுப்பு சைக்கிள்களில், 1949-இல் சென்னை அம்பத்தூரில் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸின் ஹெர்குலிஸ் போன்ற வண்டிகளில், இந்த உரசல் அதிகம் தலைகாட்டியதில்லை. அவற்றில் இருந்தது ராடு பிரேக். கட்டைகள் ரிம்மின் பக்கவாட்டைக் கவ்வுவதில்லை. ஹப்பைப் பார்த்திருக்கும் உட்பரப்பில், ஸ்போக்ஸ் கம்பிகளுக்கு இருபுறமும், வெளிநோக்கி அழுந்தும். சக்கரம் இரண்டு மூன்று மில்லிமீட்டர் பக்கவாட்டில் ஆடினாலும் கட்டைக்குக் கவலையில்லை. அந்த வண்டிக்கு வேறொரு தொல்லை உண்டு. செயின் தளர்ந்திருக்கிறது என்று பின்சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்து இறுக்கினால், ரிம்மின் முன்பகுதியும் பின்னால் வந்து உள்ளே காத்திருக்கும் கட்டையில் இடிக்கும். அங்கேயும் காரணம் அச்சு நகர்ந்ததுதான். ராடைத் தாங்கும் கிளிப்பைத் தளர்த்தி, கட்டையையும் அதே அளவு பின்னுக்கு நகர்த்தினால் சரியாகிவிடும்.

இன்று ஓடுகிற பெரும்பாலான வண்டிகளில் காலிப்பர் பிரேக்கோ, வி-பிரேக்கோ, டிஸ்க்கோ இருக்கிறது. காலிப்பரும் வி-பிரேக்கும் ரிம்மை இரண்டு பக்கமும் கவ்வுபவை. கட்டைக்கும் ரிம்முக்கும் ஒவ்வொரு பக்கமும் ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் இடைவெளிதான். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டு அச்சுக்கு வருவோம்.

முன்ஃபோர்க்கின் இரண்டு கால்களின் அடியிலும் அச்சு உட்காரும் காடி ஒன்று இருக்கிறது. இரண்டு காடிகளுக்கும் இடையில் 100 மில்லிமீட்டர். அச்சிலிருந்து பிரேக் கட்டை தொடும் இடம் வரை, 700சி வகைச் சக்கரத்தில், 311 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். இப்போது அச்சின் இடது முனை காடிக்குள் முழுவதும் ஏறாமல் ஒரு மில்லிமீட்டர் கீழே நின்றுவிட்டது என்று வையுங்கள். அச்சு நூறில் ஒரு பங்கு சரிகிறது. அச்சு சரிந்தால் அதற்குச் செங்குத்தாக நிற்கும் சக்கரமும் அதே விகிதத்தில் சரியும். மேலே 311 மில்லிமீட்டர் தள்ளி இருக்கும் ரிம் 3.1 மில்லிமீட்டர் இடப்பக்கம் போய்விடும். கீலுக்குப் பக்கத்தில் கதவு ஒரு விரல் அகலம் அசைந்தால் அதன் விளிம்பு ஒரு சாண் நகர்ந்துவிடுகிறதல்லவா, அதே கணக்கு. இருந்த இடைவெளி இரண்டு மில்லிமீட்டர். ரிம் நகர்ந்தது மூன்று. உரசாமல் என்ன செய்யும்?

பின்சக்கரத்தில் காடிகளுக்கு இடையிலான தூரம் பெரும்பாலும் 135 மில்லிமீட்டர். அதனால் பெருக்கம் கொஞ்சம் குறைவு: ஒன்றுக்கு 2.3. ஆனாலும் உரசலுக்கு அது போதும்.

இந்தக் கணக்கிலிருந்து ஒரு நல்ல அடையாளம் கிடைக்கிறது. முன்சக்கரத்தில் இடது கட்டை உரசினால், காடியில் முழுவதும் ஏறாமல் தொங்கிக்கொண்டிருப்பது பெரும்பாலும் இடது முனை. வலது உரசினால் வலது முனை. எந்த நட்டைத் தளர்த்த வேண்டும் என்பதை உரசல் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

ஒரு சைக்கிள் கடையில் இதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். கல்லூரி மாணவர் ஒருவர் டயரைத் தானே மாற்றிவிட்டு, உரசலோடு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்திருந்தார்.

“அண்ணே, பிரேக்க கொஞ்சம் லூஸ் பண்ணி விடுங்கண்ணே.”

“பிரேக்க விடு தம்பி. இங்க பாரு.”

கடைக்காரர் காட்டியது ஃபோர்க்கின் காலில் வாஷர் பதிந்த தடம். பல வருடமாக வாஷர் இறுகி உட்கார்ந்த இடத்தில் பெயின்ட் போய் இரும்பு வட்டமாக மினுங்கியது. வலது காலில் வாஷர் அந்த வட்டத்தின் மீது அச்சாகப் பொருந்தியிருந்தது. இடது காலில் வட்டத்தின் மேல் ஓரம் பிறை மாதிரி வெளியே தெரிந்தது. வாஷர் அவ்வளவு கீழே இறங்கி நின்றிருந்தது.

“வண்டிய நேரா நிப்பாட்டு. ஹேண்டில் பார ரெண்டு கையாலயும் அமுக்கிப் பிடி.”

மாணவர் அமுக்கிப் பிடித்தார். கடைக்காரர் இரண்டு நட்டையும் அரைச் சுற்றுத் தளர்த்தினார். ‘டக்’ என்று ஃபோர்க் இறங்கி அச்சின் மீது உட்கார்ந்தது. பிறகு இடது நட்டைக் கால் சுற்று, வலது நட்டைக் கால் சுற்று என்று மாற்றி மாற்றி இறுக்கினார். சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றினார். சத்தம் இல்லை. பிரேக்கை அவர் தொடவே இல்லை.

அவர் செய்த ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது. வீட்டில் டயர் மாற்றுகிறவர்கள் வண்டியைக் கவிழ்த்துப்போட்டு, அப்படியே நட்டையும் இறுக்கிவிடுகிறார்கள். கவிழ்த்த நிலையில் அச்சைக் காடிக்குள் அழுத்துவது சக்கரத்தின் எடை மட்டுமே, இரண்டு கிலோ இருக்கலாம். காடியின் ஓரத்தில் பெயின்ட் திரண்டிருந்தாலோ, துரு இருந்தாலோ, வாஷர் சிக்கிக்கொண்டாலோ அந்த எடையால் அச்சை உள்ளே தள்ள முடியாது. தரையில் நிறுத்தினால் வண்டியின் முன்பக்க எடையும் கையின் அழுத்தமும் சேர்ந்து ஃபோர்க்கை அச்சின் மீது இறக்கும். மாற்றி மாற்றி இறுக்குவது எதற்கென்றால், ஒரு பக்க நட்டை மட்டும் முழு மூச்சாக முறுக்கும்போது அது வாஷரையும் அச்சு முனையையும் தன்னோடு கொஞ்சம் இழுத்துப் போகும். மறுமுனை பிடியில்லாமல் இருந்தால் அச்சு சரிந்துவிடும். புது வண்டிகளின் முன்ஃபோர்க்கில் காடியை ஒட்டி ஒரு சிறு மேடு வைத்திருப்பார்கள், நட்டு தளர்ந்தாலும் சக்கரம் கழன்று விழாமல் இருக்க. வாஷர் அந்த மேட்டின் மீது ஏறி நின்றுகொண்டால் சக்கரம் கோணலாகத்தான் இறுகும். அதையும் கண்ணால் பார்த்து உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

நட்டுக்குப் பதிலாகக் கைநெம்புகோல் வைத்த வண்டிகள் உண்டு. இத்தாலியின் விசென்சா நகரில் 1933-இல் தொழில் தொடங்கிய துல்லியோ காம்பக்னோலோவின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் அமைப்பு அது. அந்த நெம்புகோலை நட்டு மாதிரி சுற்றிச் சுற்றி இறுக்குகிறவர்களைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. அது மடக்கி மூடுவதற்கானது. நேராக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நிலையில் எதிர்ப்பு தொடங்க வேண்டும். மடக்கி முடிக்கும்போது உள்ளங்கையில் தடம் பதிய வேண்டும். அதற்குக் குறைந்த அழுத்தத்தில் மூடினால் உரசல் என்ன, சக்கரமே நகர்ந்துவிடும்.

அச்சு சரியாக உட்கார்ந்த பிறகும் உரசுகிறதா? இனி காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். உரசல் விடாமல் தொடர்ந்து கேட்டால், ரிம் நேராக இருக்கிறது, பிரேக்கின் நடுவில் மட்டும் இல்லை. ‘சர்க்... சர்க்...’ என்று விட்டுவிட்டு, சுற்றுக்கு ஒரு முறை கேட்டால், ரிம்மிலேயே ஓர் இடத்தில் கோட்டம் இருக்கிறது. ஓட்டும்போதும் இதைக் கண்டுபிடிக்கலாம். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் விநாடிக்கு இரண்டு முறை சுற்றுகிறது. சத்தமும் விநாடிக்கு இரண்டு என்றால் கோட்டம் சக்கரத்தில். பெடல் ஒரு சுற்றுக்கு ஒன்று என்றால் அது பிரேக் சம்பந்தப்பட்டதே இல்லை. பெடல், கிராங்க் பக்கம் தேட வேண்டும்.

டயர் மாற்றியதால் ரிம் கோணுமா? டயர் லீவரைப் போட்டு நெம்புவதால் நல்ல ரிம் கோணாது. பெரும்பாலும் கோட்டம் முன்பே இருந்திருக்கும். பிரேக் கட்டைகளின் நட்டநடுவில் ஓடியபோது அந்த ஒரு மில்லிமீட்டர் ஆட்டம் யாருக்கும் தெரியவில்லை. இப்போது சக்கரம் அரை மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்ததும் வெளிப்பட்டுவிட்டது. இன்னொரு காரணமும் இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த இயற்பியல் அது. டயரில் காற்று ஏறும்போது டயரின் தோல் ரிம்மைச் சுற்றிலும் உள்நோக்கி இறுக்குகிறது. ரிம் மிக மிகக் கொஞ்சம் சுருங்குகிறது. ரிம் சுருங்கினால் ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவே இழுத்துக் கட்டப்பட்ட ஸ்போக்ஸ் கம்பிகளின் இழுவிசை குறைகிறது. ஜாப்ஸ்ட் பிராண்ட் என்ற பொறியாளர் 1981-இல் சைக்கிள் சக்கரம் பற்றி எழுதிய நூல் இதைப் போன்ற விஷயங்களுக்குப் பெயர்பெற்றது. கியர் வண்டியின் பின்சக்கரத்தில் பல்சக்கரங்களுக்கு இடம் விட வேண்டியிருப்பதால் வலப்பக்கக் கம்பிகள் செங்குத்தாகவும் அதிக இறுக்கமாகவும் இருக்கும், இடப்பக்கக் கம்பிகள் சாய்வாகவும் தளர்வாகவும் இருக்கும். இந்தச் சமநிலையில் காற்றழுத்தம் கை வைத்தால் ரிம் பக்கவாட்டில் சிறிது நகரக்கூடும். ஆகவே டயர் இல்லாத வெற்று ரிம்மில் கோட்டம் பார்த்துவிட்டு வேலை முடிந்தது என்று சொல்லக் கூடாது. முழுக் காற்று அடித்த பிறகு ஒரு முறை பார்க்க வேண்டும்.

கோட்டம் எடுப்பது பெரிய ரகசியம் இல்லை, பொறுமை வேண்டும். ரிம் இடப்பக்கம் ஒதுங்கியிருக்கும் இடத்தில், வலப்பக்க ஹப்பிலிருந்து வரும் கம்பிகளை இறுக்கி, இடப்பக்கக் கம்பிகளை அதே அளவு தளர்த்த வேண்டும். நிப்பிள் சாவியைக் கால் சுற்றுக்கு மேல் திருப்பக் கூடாது. ஸ்போக்ஸ் கம்பியின் மரை ஓர் அங்குலத்துக்கு 56 சுற்று. முழுச் சுற்றுக்கு 0.45 மில்லிமீட்டர், கால் சுற்றுக்கு 0.11 மில்லிமீட்டர். அவ்வளவு நுணுக்கமான சாவி அது. பழைய கறுப்பு வண்டியில் முன்னால் 32, பின்னால் 40 கம்பிகள். ஒன்றைத் திருப்பினால் பக்கத்துக் கம்பிகளுக்கும் செய்தி போய்விடும். கம்பியை விரலால் சுண்டினால் எழும் சத்தத்திலேயே இறுக்கம் தெரியும். இறுகிய கம்பி கணீரென்று ஒலிக்கும், தளர்ந்தது மந்தமாக ஒலிக்கும். சுருதி இழுவிசையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ஒரே பக்கத்துக் கம்பிகளில் ஒன்று மட்டும் மொத்தையாகச் சத்தம் போட்டால் கோட்டத்தின் வேர் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

இதுவரை டயரைக் குற்றம் சொல்லவில்லை. சில நேரம் குற்றவாளி அதுதான். டயரின் பக்கவாட்டில் 37-622 என்பது போல ஓர் எண் பொறித்திருக்கும். முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது எண் டயர் ரிம்மில் உட்காரும் வட்டத்தின் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். கடையில் அங்குலத்தைச் சொல்லிக் கேட்காதீர்கள். 28 அங்குலம் என்ற ஒரே பெயரில் 622-உம் இருக்கிறது, 635-உம் இருக்கிறது. நம் கறுப்பு வண்டியின் 28 × 1½ என்பது 635. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. இரண்டாவது எண் ஒத்துப்போக வேண்டும், அதில் பேச்சுக்கே இடமில்லை. முதல் எண்ணில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம். ஆனால் 28 இருந்த இடத்தில் 35 போட்டால் டயர் இரு பக்கமும் மூன்றரை மில்லிமீட்டர் பருக்கும், ஏறக்குறைய ஏழு மில்லிமீட்டர் உயரும். மேலே காலிப்பரின் வளைவில் இடிக்கலாம், மட்கார்டில் இடிக்கலாம், பின்னால் சட்டத்தின் கம்பிகளுக்கு நடுவே உரசலாம்.

இதில் நான் மிகவும் அஞ்சுவது ஒன்று. பருத்த டயரின் பக்கவாட்டுத் தோல் ரிம்முக்கு மேலே உடனே வெளியே பிதுங்குகிறது. பிரேக் கட்டை ரிம்மின் மேல் ஓரத்தை ஒட்டி உயரமாக வைக்கப்பட்டிருந்தால் அது அந்தத் தோலைத் தேய்க்கும். ரிம்மில் உரசினால் வேகம் குறையும். டயர்த் தோலில் உரசினால் நூலிழைகள் அறுந்து, ஓடிக்கொண்டிருக்கும்போது டயர் வெடிக்கும். பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு குனிந்து பாருங்கள். கட்டையின் மேல் விளிம்புக்கும் ரிம்மின் மேல் விளிம்புக்கும் இடையே ஒரு மில்லிமீட்டராவது ரிம் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் கட்டையை இறக்கிவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும்.

பருத்த டயரால் வரும் இன்னொரு தொல்லை மாட்டும்போதே நேர்கிறது. முழுக் காற்றோடு இருக்கும் சக்கரம் மூடிய கட்டைகளுக்கு நடுவே நுழையாது. பலம் போட்டுத் திணித்தால் கட்டை திரும்பிக்கொள்ளும், காலிப்பரே ஒரு பக்கமாகச் சுழன்றுவிடும். பிரேக்கைத் திறந்துவிட்டு மாட்ட வேண்டும், அல்லது மாட்டிய பிறகு காற்றடிக்க வேண்டும். பிறகு, திறந்த பிரேக்கை மறக்காமல் மூட வேண்டும்.

அச்சு சரி, ரிம் சரி, டயர் சரி. இனி பிரேக்கைத் தொடலாம். காலிப்பர் சுழன்றிருந்தால் அதன் பின்னால் உள்ள நட்டைச் சற்றுத் தளர்த்தி, லீவரை அழுத்திப் பிடித்தபடியே நட்டை இறுக்கினால் கட்டைகள் ரிம்மை நடுவாக்கித் தாமும் நடுவில் நிற்கும். வி-பிரேக்கில் இரண்டு கைகளையும் இழுப்பது ஒரே கேபிள். ஒரே கேபிளில் இழுவிசை இரு பக்கமும் சமம். ஆகவே எந்தக் கை ரிம்மை விட்டு எவ்வளவு விலகி நிற்கும் என்பதைத் தீர்மானிப்பது அந்தந்தப் பக்கத்து ஸ்பிரிங்கின் பலம்தான். ஒவ்வொரு கையின் அடியிலும் ஒரு சிறு ஸ்குரூ இருக்கும். உரசுகிற பக்கத்து ஸ்குரூவை வலமாகக் கால் சுற்றுத் திருப்பினால் அந்த ஸ்பிரிங் இறுகி, கை ரிம்மை விட்டு விலகும். எதிர்ப்பக்கத்துக் கை அதே அளவு ரிம்மை நெருங்கும். லீவரை நாலைந்து முறை அழுத்தி விட்டுப் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் மறுபடி திருப்புங்கள்.

டிஸ்க் பிரேக் வந்ததும் ரிம்முக்கு டன்லப் காலத்துக்குப் பிறகு ஏற்பட்ட இரட்டைச் சுமை இறங்கிவிட்டது. ரிம் கோணினாலும் பிரேக்குக்குத் தெரியாது. ஆனால் இடைவெளி இன்னும் சுருங்கிவிட்டது: கட்டைக்கும் டிஸ்க்குக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டரின் பத்தில் சில பங்குகள்தான். டிஸ்க் அச்சுக்குப் பக்கத்தில் இருப்பதால் சரிவின் பெருக்கம் குறைவு. ஆனாலும் இத்தனை குறுகிய இடைவெளிக்கு அந்தச் சரிவே அதிகம். எனவே இங்கேயும் முதல் மருந்து அதேதான், வண்டியைத் தரையில் நிறுத்தி அச்சை உட்கார வைப்பது.

எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் டிஸ்க்கில் டயர் மாற்றும்போது நேரும் ஒரு தவறு தனி ரகம். சக்கரத்தைக் கழற்றி வைத்திருக்கும்போது யாராவது லீவரை அழுத்திவிடுவார்கள், பெரும்பாலும் வீட்டுக் குழந்தை. பிஸ்டனைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. லீவரை அழுத்தும்போது பிஸ்டன் முன்னே போக, வளையம் அதோடு சேர்ந்து வளைந்துகொடுக்கும். லீவரை விட்டதும் வளையம் தன் பழைய வடிவத்துக்குத் திரும்பிப் பிஸ்டனையும் பின்னால் இழுத்துக்கொள்ளும். கட்டைக்கும் டிஸ்க்குக்கும் நடுவே இடைவெளி கிடைப்பது அந்தச் சின்ன இழுப்பால்தான். தனி ஸ்பிரிங்குக்கு அதில் பெரிய பங்கில்லை. நடுவில் டிஸ்க் இல்லாமல் அழுத்தினால் பிஸ்டன் தடையின்றி வளையத்தைத் தாண்டி வழுக்கி முன்னே போய்விடும். வளையத்தால் அவ்வளவு தூரம் இழுக்க முடியாது. சக்கரத்தை மாட்டப் போனால் டிஸ்க் நுழையவே இடமிருக்காது, அல்லது இறுக்கமாக நுழைந்து உரசும். பிளாஸ்டிக் டயர் லீவரைக் கட்டைகளுக்கு நடுவே விட்டு மெதுவாக, நேராக நெம்பிப் பிஸ்டன்களைப் பின்னுக்குத் தள்ளினால் சரியாகும். இரும்பு ஸ்குரூடிரைவரை உள்ளே விடக் கூடாது. டிஸ்க்கின் பரப்பை விரலால் தொடவும் கூடாது, எண்ணெய்ப் பிசுக்குப் பட்டால் பிடிப்பு போய்விடும். சக்கரத்தைக் கழற்றியதும் ஒரு மடித்த அட்டைத் துண்டைக் கட்டைகளுக்கு நடுவே செருகி வைத்துவிடுங்கள். குழந்தை எத்தனை முறை அழுத்தினாலும் ஒன்றும் ஆகாது.

அதன் பிறகும் டிஸ்க் தொடர்ந்து உரசினால் காலிப்பரைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டையும் அது அசையும் அளவுக்கு மட்டும் தளர்த்தி, லீவரை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். சுற்றுக்கு ஒரு முறை மட்டும் தொட்டால் டிஸ்க்கிலேயே வளைவு இருக்கிறது. அதற்கென்று பிளவு வைத்த தகட்டுச் சாவி உண்டு. இல்லாதவர்கள் கடைக்குக் கொண்டுபோவதே நல்லது.

ரிம் பிரேக் உள்ள முன்சக்கரத்தில் எல்லாம் செய்தும் ஒரே பக்கம் உரசுகிறது என்றால் கடைசியாக ஒரு சோதனை. செலவே இல்லாதது. சக்கரத்தைக் கழற்றி, இடவலமாகத் திருப்பி மாட்டுங்கள். வண்டியைத் தரையில் நிறுத்தித்தான் அச்சை இறுக்க வேண்டும் என்பதை இங்கேயும் மறக்காதீர்கள், இல்லாவிட்டால் சோதனையே பொய்யாகிவிடும். உரசல் எதிர்ப்பக்கம் மாறிவிட்டால் குறை சக்கரத்தில்: ரிம் ஹப்பின் நடுவில் இல்லை, ஒரு பக்கத்துக் கம்பிகள் மொத்தமாக இறுகியிருக்கின்றன. உரசல் பழைய பக்கத்திலேயே நின்றால் சக்கரம் குற்றமற்றது. பிரேக் கோணலாக இருக்கிறது, அல்லது ஃபோர்க் வளைந்திருக்கிறது.

பிரேக்கை நடுவாக்கிய பிறகு சக்கரத்துக்கு நேர் பின்னால் குனிந்து, ஃபோர்க்கின் இரண்டு கால்களுக்கும் டயருக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். சக்கரத்தைத் திருப்பினாலும் ஒரு பக்கமே நெருங்கியிருந்தால் ஃபோர்க்தான். கையை விட்டு ஓட்டும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறது என்று ஏற்கெனவே யாராவது சொல்லியிருக்கவும் கூடும். இரும்பு ஃபோர்க்காக இருந்தால் அனுபவமுள்ள கடைக்காரர் நிமிர்த்திக் கொடுப்பார். அலுமினியம் என்றால் நிமிர்த்தச் சொல்லாதீர்கள். ஒரு முறை வளைந்த அலுமினியத்தைத் திரும்ப வளைத்தால் உள்ளே விரிசல் விடும். ஒருநாள் பள்ளத்தில் இறங்கும்போது சொல்லாமல் ஒடியும். அதை மாற்றித்தான் ஆக வேண்டும். பிரேக் கட்டையை அரை மில்லிமீட்டர் தள்ளி வைத்து அந்தச் சத்தத்தை மட்டும் அடக்கிவிடாதீர்கள்.